அரைச் சுரம் கீழே

காபி நன்றாக இருக்கிறது மேடம். சர்க்கரை சரியான அளவு. எதுவும் சரியான அளவில் இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். தொழில் அப்படி.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் ஒலியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அரங்கத்தின் பின்னால் கண்ணாடி போட்ட சின்ன அறை. மிக்ஸருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்களே, அதுதான். பாடுகிறவர் சுரம் தவறினால் பெட்டி அதைப் பிடித்துச் சரியான இடத்தில் தூக்கி வைக்கும். பாடியவருக்கே தெரியாது. நான் அதற்குக் கைத்தாங்கல் என்று பேர் வைத்திருந்தேன். தடுக்கி விழப்போகிறவரைப் பிடிப்பதில் என்ன தப்பு? தயாரிப்பாளருக்கு இது தெரியும். யாராவது கேட்டால் தனக்குத் தெரியாது என்று சொல்லவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இந்த வருடம் என் மச்சினி, மனைவியின் தங்கை, போட்டிக்கு வந்தாள். நான் சிபாரிசு செய்யவில்லை. தடுக்கவும் இல்லை. அவள் பாட்டை வீட்டில் கேட்டால் கழுதை நினைவுக்கு வரும். கழுதைக்காவது இரண்டு சுரம் நிச்சயம்.

மேடையில் அவள் குயில். பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். என் மனைவிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஏங்க, இவ பாத்ரூம்ல பாடுறப்போ ஒரு மாதிரி இருக்கு, மேடை ஏறினா வேற மாதிரி இருக்கு. எப்படிங்க?" சுவரில் பதித்த டைல்ஸ் குரலைக் கெடுக்கும் என்றேன். மறுநாள் தங்கையைக் கூடத்தில் பாட வைத்தாள். தரையைக் காட்டினேன். அங்கேயும் டைல்ஸ்தான்.

இதே வருடம்தான் வாத்தியம் வாசிப்பவர்களையும் சொந்தப் பாட்டு எழுதுபவர்களையும் போட்டியில் சேர்க்கலாம் என்று தயாரிப்பாளருக்குத் தோன்றியது. கேட்ட பாட்டையே கேட்டு ஜனங்களுக்குக் காது புளித்துவிட்டதாம். கூட்டம் போட்டார்கள். தொண்டை கெட்டுவிடும் என்று வெயிலிலும் மஃப்ளர் சுற்றுகிற நடுவர் எதிர்த்தார். "நீச்சல் போட்டிக்கு வர்றவன் குளத்தையும் தோண்டிட்டு வரணுமா?"

"தோண்டத் தெரிஞ்சவனை வெளிய நிக்க வெச்சுட்டு, அடுத்தவன் குளத்துல குதிக்கிறவனுக்கே கோப்பை கொடுக்கிறோமே. அது மட்டும் நியாயமா?" என்றார் தயாரிப்பாளர்.

என்னையும் கேட்டார்கள். கலையின் தூய்மை என்று ஏதோ சொல்லி எதிர்த்தேன். காரணம் வேறு. பெட்டிக்குப் பாட்டை முன்கூட்டியே கற்றுக்கொடுக்க வேண்டும். சொந்தப் பாட்டில் எது சரி, எது தப்பு என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். நான் எதைப் பிடித்து எங்கே தூக்கி வைப்பது?

அப்படி வந்தவள்தான் அந்த லிஃப்ட் மெக்கானிக். விரலில் கிரீஸ், தோளில் கிட்டார். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கும் புருஷன் பெண்டாட்டியைப் பற்றி அவளே எழுதிய பாட்டு. அரையிறுதியில் பாடினாள். மஃப்ளர் நடுவர் மஃப்ளரால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பழக்கதோஷத்தில் பெட்டிமேல் கை வைத்திருந்தேன். பாட்டு முடியும்வரை கைக்கு வேலை வரவில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இறுதிச் சுற்றில் இரண்டே பேர்: மெக்கானிக், மச்சினி. முந்தின நாள் மச்சினி என்னிடம் வந்து அழுதாள். "அவளுக்குக் கிட்டார் இருக்கு, சொந்தமா பாட்டு இருக்கு. எனக்குக் குரல் ஒண்ணுதானே மாமா இருக்கு."

அந்த ஒன்றும் இல்லை என்று ஒரு சின்னப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பாட்டைத் திருத்தவேண்டும் என்றால் சரியானது எது என்று தெரியவேண்டும். கெடுப்பதற்குத் தெரியவேண்டியதில்லை. மச்சினி பாடி முடித்ததும் பெட்டியைத் திருப்பி, மெக்கானிக்கின் குரலை அரைச் சுரம் கீழே இறக்கினேன். கிட்டாரைத் தொடவில்லை. அடுத்தவர் வாத்தியத்தில் கை வைப்பது எனக்குப் பிடிக்காது. அவள் காதில் மாட்டியிருந்த இயர்ஃபோனுக்கும் அதே குரலைத்தான் அனுப்பினேன். தான் தாழப் பாடுவதாக நினைத்து அவள் குரலை ஏற்றினாள். நான் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். இரண்டாவது சரணத்தில் நிறுத்திவிட்டாள். கிட்டாரை மீட்டிப் பார்த்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"மன்னிச்சுக்கங்க. எனக்கே பிடிபடல," என்றாள்.

ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் வைத்தால் இதுதான் கதி என்றார் மஃப்ளர் நடுவர். வாக்கு மச்சினிக்குக் கொட்டியது. அடுத்த வருடம் பழையபடி பாட்டு மட்டும்தான் என்று தயாரிப்பாளர் முடிவே செய்துவிட்டார்.

மேடையில் முடிவைப் படித்துக்கொண்டிருந்தபோது மெக்கானிக் அங்கே நிற்காமல் என் அறைக்கு வந்தாள். "அண்ணே, நீங்க எல்லார் குரலையும் கேக்கிறவரு. உண்மையைச் சொல்லுங்க. என் காதுல ஏதாவது கோளாறா?"

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை மேடம். எனக்குத் தெரிந்த நல்ல காது டாக்டரின் முகவரியை எழுதிக் கொடுத்தேன். எந்த நிறுத்தத்தில் இறங்கவேண்டும் என்றுகூடச் சொன்னேன். "ரொம்ப நன்றிண்ணே," என்றாள்.

தவறு என்றால் அங்கே நடந்ததுதான் தவறு. முகவரி எழுதுகிற மும்முரத்தில் பெட்டியைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்துவிட்டேன். வெளியே மச்சினி கோப்பையை அணைத்துக்கொண்டு வெற்றிப் பாட்டைத் தொடங்கிவிட்டாள். கைத்தாங்கல் இல்லாமல். அதிலும் அரைச் சுரம் கீழே.

அரங்கம் சிரிக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் என் மனைவி எழுந்து பின்னால் திரும்பி, கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள். கைதட்டலைப் பிடிக்க அங்கே ஒரு மைக் வைத்திருப்போம். அதில் அவள் குரல் தெளிவாக வந்தது.

"இது வீட்டுக் குரலாச்சே. இங்க எங்க இருக்கு டைல்ஸு?"

புகார் கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். இருக்கும். கெட்டிக்காரி.

மெக்கானிக்கின் காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். அப்படியானால் குறை தன் பாட்டில்தான் என்று முடிவு செய்து, கிட்டாரை யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காது நன்றாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்.

எல்லாம் நான் செய்ததுதான். யாரும் தூண்டவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். மேசைமேல் ஓடுகிறதே அந்த ரெக்கார்டர், அதில் அவள் நன்றி சொன்னதை நான் சொன்ன இடத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. கேட்கிறவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெட்டியை ஒரு நிமிடம் கொடுங்கள் மேடம். சரிசெய்து தந்துவிடுகிறேன்.