இரண்டாவது தடவை அழுத்தியது பற்றி

என் பெயரும் வீட்டு விலாசமும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. கடைவீதியில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடங்களாக லென்ஸ் அறுத்து ஃப்ரேமில் பொருத்தும் வேலை பார்த்து வருகிறேன். வீதியில் கண்ணாடிக்காரம்மா என்று கேட்டால்தான் என்னைக் காட்டுவார்கள். என்னை யாரும் அழைத்து வரவில்லை, மிரட்டி அனுப்பவும் இல்லை. எங்கள் கடைக்கு அடுத்த லாண்டரியின் சொந்தக்காரர், பங்குச் சந்தை வகுப்பு நடத்தும் மாஸ்டர் மேல் இந்த ஸ்டேஷனில் கொடுத்த புகாரை, ஏமாற்றியதற்கு ஆதாரம் இல்லை என்று நாளை மறுநாள் மூடப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஆதாரம் நான்தான் என்பதால் நானாக வந்து சொல்வதாவது:

எட்டு மாதங்களுக்கு முன், சைக்கிள் கடை மாடியில் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடத்தும் வகுப்பில் சேர்ந்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு வெள்ளைப் பலகையும் இருந்தன. ஃப்யூச்சர்ஸ் என்றால் பங்கை இன்றே வாங்கி வைத்துக்கொள்வது அல்ல, குறித்த தேதியில் இந்த விலைக்கு வாங்குவேன் அல்லது விற்பேன் என்று இன்றைக்கே ஒப்பந்தம் போடுவது என்று அவர் சொன்னார். ஒன்று இரண்டாகப் போட முடியாது, லாட் என்று மொத்தக் கட்டாகத்தான் போட வேண்டும், ஆனால் முழு விலையும் கட்ட வேண்டாம், மார்ஜின் என்ற முன்பணம் போதும் என்றார். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க கடையில அட்வான்ஸ் குடுத்து ஃப்ரேம் புக் பண்றாங்கல்ல, அதேதாம்மா இது" என்றார். எல்லோருக்கும் அது சட்டென்று புரிந்துவிட்டது. கையில் இல்லாததையும் முதலில் விற்கலாம், விலை இறங்கியதும் வாங்கிக் கணக்கை முடித்தால் வித்தியாசம் லாபம் என்றும் சொன்னார். விலை ஏறினால் என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு, "நல்லது பேசுங்கம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, ஒரு சிமென்ட் கம்பெனியில் ஒரு லாட் வாங்கினேன். பதினொன்றரை மணிக்கு விலை கொஞ்சம் ஏறியிருந்ததால், விற்றுவிட்டு வேலையைப் பார்ப்போம் என்று கைப்பேசியில் விற்பனைப் பொத்தானை அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, எதுவும் வரவில்லை. இந்தச் சனியன் எப்போதும் இப்படித்தான் என்று மறுபடியும் அழுத்தினேன். அந்த நேரம் ஒருவர் உடைந்த ஃப்ரேமோடு உள்ளே வந்ததால் கைப்பேசியை மேசை டிராயரில் போட்டுவிட்டு அவரைக் கவனித்தேன். முதல் தடவை அழுத்தியதில் நான் வாங்கியது விற்று முடிந்திருந்தது. இரண்டாவது தடவை அழுத்தியதில் என்னிடம் இல்லாத இன்னொரு லாட்டை விற்றிருந்தேன். அது எனக்குத் தெரியாது.

அன்று மதியம் அந்தக் கம்பெனியின் ஆலை ஒன்று மூடப்பட்டதாகச் செய்தி வந்து விலை தடதடவென்று சரிந்தது. மூன்று மணிக்கு டிராயரைத் திறந்து பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. லாபமாக ஒரு தொகை நின்றது, எதற்கு என்று தெரியவில்லை. உடனே மாஸ்டருக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் திரையில் இருப்பதை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதன் பிறகு, "ரெண்டு தடவை அமுக்கிட்டீங்க, அவ்வளவுதான். இப்ப ஒரு லாட் வாங்குங்க, கணக்கு முடிஞ்சிரும். முடிஞ்சதும் ஸ்கிரீனை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. அமுக்குன கதையெல்லாம் யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காதீங்க" என்றார். அப்படியே செய்தேன்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போனபோது அந்தப் படம் ஆளுயரத்துக்கு அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தது. மாஸ்டர் என்னை முன்னால் நிறுத்தி, இவர் காலையில் வாங்கினார், ஏறியதும் விற்றார், அதோடு நிற்காமல் துணிந்து இன்னொரு லாட்டும் விற்றார், இதற்குப் பெயர் டபுள் முறை என்றார். ஒரு கைத்தவறுக்கு என் கண்ணெதிரேயே பெயர் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து, இன்னொரு லாட் விற்கும்போது மனதில் என்ன ஓடியது என்று கேட்டார். "விலை நிக்காதுன்னு தோணுச்சு" என்று சொன்னேன். உண்மையில் என் மனதில் ஓடியது உடைந்த ஃப்ரேம்காரர் காத்திருக்கிறார் என்பதுதான். கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. பதினெட்டு வருடத்தில் நான் பொருத்திய எந்தக் கண்ணாடிக்கும் யாரும் கைதட்டியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு என்னிடம் வகுப்புக் கட்டணம் வாங்கவில்லை.

அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து லாண்டரிக்காரர் தன் கண்ணாடியில் திருகு கழன்றுவிட்டது என்று கடைக்கு வந்தார். அவரை நான் அண்ணன் என்றுதான் அழைப்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். திருகு போடும்வரை நின்றிருந்தவர், "தங்கச்சி, மாடியில ஒட்டியிருக்கே, அது நிசமா நீ பண்ணதா? நீ பொய் சொல்ல மாட்டே, அதான் கேக்குறேன்" என்றார். நான் திருகிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமாண்ணே" என்றேன். அவர் அன்றே போய் மாஸ்டரின் வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

அவர் ஒரு மாதம் படித்தார். அதன் பிறகு அந்த டபுள் முறையிலேயே ஒரு லாட் வாங்கி, ஏறியதும் விற்று, கையில் இல்லாத இன்னொரு லாட்டையும் விற்றார். விலை இறங்கவில்லை, ஒன்பது நாள் ஏறிக்கொண்டே போனது. தினமும் சந்தை மூடியதும் அன்றைய நஷ்டத்தை அவர் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டார்கள். "போனா அட்வான்ஸ்தான தங்கச்சி, ஃப்ரேம் வேண்டாம்னு விட்டுட்டுப் போற மாதிரி" என்று என்னிடமே சொன்னார். அங்கேதான் மாஸ்டர் சொன்ன உதாரணம் தப்பு. எங்கள் கடையில் அட்வான்ஸ் போட்டவர் திரும்பி வராவிட்டால் அட்வான்ஸ் மட்டும்தான் போகும். இதில் நஷ்டம் முழு லாட்டுக்கும் உண்டு, அட்வான்ஸோடு நிற்காது, இன்னும் போடு, இன்னும் போடு என்று கேட்கும். அப்போதாவது நான் வாயைத் திறந்து, அந்த முறையே ஒரு பொய், இப்போதே வாங்கி முடித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. பத்தாவது நாள், அந்த நஷ்டத்தைக் கட்ட விற்ற அவருடைய இரண்டு பெரிய சலவை இயந்திரங்களையும் ஒரு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவை நின்ற இடத்தில் தரை இரண்டு சதுரமாக வெளுத்துக் கிடக்கிறது. அண்ணி இப்போது துணியைக் கையால் துவைக்கிறார்.

அவர் புகார் கொடுத்ததும் மாஸ்டர் என் கணக்கின் அறிக்கையைக் கொண்டுவந்து இங்கே காட்டியிருக்கிறார். அந்த அறிக்கை உண்மையானது, அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதனால் முறை சரிதான், லாண்டரிக்காரர் பேராசையால் பணத்தை விட்டார் என்று ஆகிவிட்டது. முந்தாநாள் மாலை மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்து, "நீங்க பேசாம இருந்தா ஒண்ணும் இல்ல. வாயத் தொறந்தீங்கன்னா வகுப்புல எல்லார் முன்னாடியும் நின்னு பேசுனது நீங்கதான், ஞாபகம் வச்சுக்கோங்க" என்றார். அவர் போன பிறகு என் கணவர், "உனக்கு எதுக்குடி இந்த வம்பு? லாண்டரிக்காரர் என்ன நம்ம சொந்தமா?" என்று கேட்டார். "சொந்தமா இருந்தா வீட்டோட பேசித் தீத்துக்கலாம், இல்லைங்கறதாலதான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றேன். அவருக்குக் கோபம். ஆனாலும் இன்று காலை என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டது அவர்தான், வாசலில் நிற்கிறார்.

இதை எழுதும் அதிகாரி, லாண்டரிக்காரர் கேட்டபோது ஆமாம் என்றேன் என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி, "இது இல்லாமலும் எழுதலாம்மா, நீங்களும் ஏமாந்தீங்கன்னு போட்டுக்கலாம்" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நான் ஏமாறவில்லை, எனக்குத் தெரியும், தெரிந்தே சொன்னேன், அப்படியே எழுதுங்கள் என்று கூறினேன். எழுதினார். அதன் பிறகு தாளின் தலைப்பில் சாட்சி என்றும் குற்றம் சாட்டப்பட்டவர் என்றும் இரண்டும் அச்சாகியிருப்பதைக் காட்டி, ஒன்றை அடிக்க வேண்டும், எதை அடிப்பது என்று கேட்டார்.

"எதை அடிச்சா அண்ணனோட புகாரை மூட மாட்டீங்களோ, அதை அடிங்க சார்" என்றேன்.

மேலே உள்ளது எல்லாம் என் வாயால் சொல்லி எழுதப்பட்டது. எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் வாங்கி ஒரு தடவை படித்துப் பார்த்தேன், எல்லாம் உண்மை. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
கண்ணாடிக் கடைப் பணியாளர்