ஆறு தையல்

ஜிப் போய்விட்டது என்பதற்காக உங்கள் பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் இன்ஸ்பெக்டர் சார். பத்து நிமிட வேலை. இருபத்திரண்டு வருடமாகப் பை பழுதுபார்க்கிறவன் சொல்கிறேன்.

என் கால் ஆடுவதைப் பார்க்கிறீர்கள். பயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிப் பதிவை நான் இன்னும் கேட்கவில்லை, அதனால்தான்.

என் மனைவியின் கைப்பையை நானே தைத்தேன். முன்பக்கக் கொக்கியின் நடுவில் பொட்டு அளவுக்கு ஒரு துளை, பின்னால் கேமரா. எனக்குப் பிடித்த பாடகரின் கச்சேரிகளில் படம் எடுக்க அனுமதி இல்லை. தனியாக வரும் ஆணை வாசலில் தடவித் தடவிப் பார்ப்பார்கள். மனைவியோடு போனால் அந்தத் தொல்லை கிடையாது. பையைத் திறந்தால் முதலில் தெரிவது வலைத்துணி உள்ளறையும் அதற்குள் இருக்கும் இன்ஹேலரும்தான். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. "மருந்தா? போங்கம்மா போங்க" என்பார் காவலாளி.

பதினோரு கச்சேரி எடுத்தேன். பதினொன்றும் பாழ்.

அவருடைய பாட்டு ஒன்று, நான்கு நிமிடம். கடைசிச் சரணம் நீளம், அதன் முடிவை ஒரே மூச்சில் பாடுவார். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும், இவளைத் தவிர. அந்தப் பாட்டுக்கு மேடையில் புகை விடுவார்கள். அது இவளுக்கு ஆகாது. சரியாகச் சரணத்தில் பைக்குள் கையை விடுவாள். படம் ஆடும். அப்புறம் 'புஸ்' என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் என்னால் உட்கார முடியாது. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

"ஏங்க, நான் மூச்சு விடறதுகூட உங்க பாட்டுக்கு இடைஞ்சலா?" என்றாள் ஒருநாள்.

"அந்த நாலு நிமிஷம் மட்டும் பொறுத்துக்கயேன்."

"சரி, அடுத்த தடவை மூச்சை வீட்லயே வச்சுப் பூட்டிட்டு வர்றேன். சாவி உங்ககிட்ட."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இருந்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் பாடகர் அறிவித்தார்: வயதாகிவிட்டது, ஞாயிறு மாலைக் கச்சேரியோடு அந்தப் பாட்டுக்கு முழுக்கு. எனக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை.

சனிக்கிழமை மதியம் கடையில் வைத்து உள்ளறையின் ஜிப்பில் ஆறு தையல் போட்டேன். மருந்தை ஒளித்து வைத்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. மருந்து பையில்தான் இருந்தது. வலைக்குள் அவள் கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தது. ஞாயிறன்று வாசலில் காவலாளியும் பார்த்தார். தையலைப் பிரிக்கக் கொஞ்சம் நேரமாகும், அதற்குள் பாட்டு முடிந்துவிடும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். நைலான் நூல், இரட்டை இழை. கையால் அறுக்க வராது. மட்டமான நூலை நான் கடையில் வைப்பதில்லை.

புகை வந்தது. மடியில் இருந்த பைக்குள் அவள் கை போனது. நகம் வலையைப் பிறாண்டுவது எனக்குக் கேட்டது. குனிந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஏங்க..." என்றாள். மேலே வரவில்லை.

பை ஆட ஆரம்பித்தது. சரணம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவளுடைய இரண்டு கைகளையும் என் கைகளுக்குள் எடுத்துக்கொண்டேன்.

பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா உங்களிடம் சொன்னாராமே: "கடைசி வரைக்கும் அந்தப் பொண்ணு கையை அவர் விடவே இல்ல சார். அப்படி ஒரு பாசமான மனுஷன்." அவர் சொன்னதில் பொய் இல்லை.

கைதட்டல் ஓய்ந்தபோது அவள் தலை என் தோளில் இருந்தது. அவளும் பாட்டில் லயித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

அவள் துடித்திருப்பாள் என்கிறீர்கள். கேமரா உங்களிடம்தானே இருக்கிறது? ஒரு முறை போடுங்கள், நானும் பார்க்கிறேன். சரணம் முழுவதும் பை ஓர் இடத்தில்கூட அசைந்திருக்காது சார். அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தேன்.