மந்திரி வாசல் பெஞ்சு

ரெண்டு மணி நேரம் சார்! ரெண்டு மணி நேரமா இந்தப் பெஞ்சுல! ஃபேன் கூட நமக்கில்ல, அந்த ஃபைல் அலமாரிக்குத்தான் வீசுது. உள்ள இருக்காரே தொழிலாளர் மந்திரி... மந்திரி என்ன மந்திரி, எங்களுக்கு அவன் ஜாக்கி! பஸ் டெப்போவுல டயர் மாத்தினவன். பக்கத்துல நட்டு முடுக்கினவன் நான். கேட் மீட்டிங்ல மொதமொத மைக்கப் புடிச்சப்போ, 'தோழர்களே'ன்னு நாலு தடவ சொல்லிட்டு எறங்கிட்டான் சார்! நான்தான் சட்டையப் புடிச்சுத் திரும்ப ஏத்தினேன். அப்புறம் சங்கச் செயலாளர், அப்புறம் எம்.எல்.ஏ., இப்போ கதவுல பித்தளையில பேரு. அவன் விட்டுட்டுப் போன செயலாளர் நாற்காலியில நான். அதுக்கும் ஒரு கால் ஆடுது.

எங்க விட்டேன்? ஆங், பெஞ்சு! இந்தப் பெஞ்சு வித்தையே நான் சொல்லிக் குடுத்ததுதான். சங்க ஆபீசுக்கு மேனேஜ்மெண்ட் ஆளுங்க பேச வருவாங்க. 'உடனே கூப்புடாதடா, ஒக்கார வை. பக்கத்துல நம்மாளு ஒருத்தன், வாயே தொறக்காதவனாப் பாத்துப் போடு. காத்திருக்கறவனுக்கு வாய் அரிக்கும், கொட்டிடுவான்'னேன். கொட்டினாங்களே! ஒரு தடவ அவங்க வக்கீலே கொட்டினாரு! எது வரைக்கும் எறங்கி வருவாங்கன்னு, உள்ள வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்சிடும்.

நான் எதுக்கு வந்தேன்னா... டெப்போவுல பதினோரு பேர வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. பதினோரு பேரையும் திரும்ப எடுக்கச் சொல்லி மந்திரி உத்தரவு போடணும். அதுல ஒருத்தன் என் மச்சினன். வீட்டுல சம்சாரம் தெனமும் சாப்பாட்டுத் தட்ட 'டங்'குனு வைக்கிறா சார், தட்டு நெளிஞ்சே போச்சு. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன... ஏழு பேர எடுத்தாக்கூடக் கையெழுத்துப் போட்டுடுவேன். அந்த ஏழுல மச்சினன் இருக்கணும், அவ்வளவுதான். கேட்டுல நிக்கிற நம்ம ஆளுங்களுக்கு இது தெரியக் கூடாது, தோலை உரிச்சுடுவாங்க. நீங்க வெளிய சொல்ற ஆளில்ல, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. வந்ததுலேர்ந்து ஒரு வார்த்த பேசலியே, என்ன பொறுமை, என்ன...

என்ன சார், எந்திரிச்சிட்டீங்க? தண்ணி அந்தப் பக்கம். ஐயய்யோ, அது மந்திரி ரூமு, கதவத் தட்டிட்டு... தட்டாமலே தொறக்கறீங்க?

அடப்பாவி ஜாக்கி!

சார்! சார்! பதினொண்ணு! பதினொண்ணுன்னே சொல்லுங்க சார்!