தள்ளிப்போடத் தெரிந்தவர்

மேடையில் வீற்றிருக்கும் பொது மேலாளர் அவர்களே, கேப்டன்களே, விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரிலிருந்து சீருடையோடு வந்து நிற்கும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, கனத்த நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

நம்மை விட்டுப் பிரிந்த நம் தலைமைப் பராமரிப்புப் பொறியாளருக்கு நாம் வைத்த பெயர் 'தவணை அண்ணன்'. விமானத்தின் எல்லாச் சின்னப் பழுதையும் உடனே சரிசெய்ய வேண்டியதில்லை. சிலவற்றுக்கு விதியே சில நாள் தவணை கொடுக்கிறது. அந்தத் தவணையைக் கொடுக்கலாமா, கூடாதா? கையெழுத்திட்ட கை அண்ணனுடையது!

காபி இயந்திரம் கெட்டதென்று ஒரு விமானத்தை நிறுத்தப் பார்த்தோம். "காபி இல்லாம விமானம் பறக்கும்ப்பா, கேப்டன்தான் பறக்க மாட்டார்" என்று சிரித்தபடி தவணை கொடுத்தார். பிறகு பிளாஸ்க் நிறையக் காபி வாங்கி அவரே காக்பிட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதே மனிதர் இன்னொரு நாள் மலைபோல் நின்றார். ஒரு பக்கக் கண்ணாடியில் வைப்பர் ஓடவில்லை. அதே பக்கத்தில் தரையிறங்கும் விளக்கும் எரியவில்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே பொறுக்கக்கூடியவை. "ரெண்டும் கூட்டு சேர்ந்துடுச்சு சார். இருட்டுல மழை வந்தா அந்தப் பக்கத்து விமானி எதை வெச்சுப் பார்ப்பார்?" என்றார். விமானம் தாமதமானது. பயணிகள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அன்று மழை பெய்ததா? ஒரு துளிகூட இல்லை! நாங்கள் கேலி செய்தோம். "குடை எடுத்துட்டுப் போனா மழை வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

தவணை கொடுத்தால் மறந்துவிடுவாரா? பழுதுக்கு அருகே ஒட்டிய சிவப்புச் சீட்டைக் காலைதோறும் தொட்டு, "இன்னும் இங்கதான் இருக்கியா?" என்று அதட்டுவார். அந்த அதட்டல் எங்களுக்குத்தான் என்பது எங்களுக்குத் தெரியும்.

வீட்டில் மட்டும் வேறு சட்டம். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அண்ணி ஆண்டுக்கணக்கில் சொல்லிப் பார்த்தார். "குழாய் பறக்காதும்மா!" என்பாராம். சிரியுங்கள் அண்ணி, அவர் இருந்தால் அதைத்தான் விரும்புவார்.

தோழர்களே, இப்போது நம் ஹேங்கரில் ஒரு விமானம் நிற்கிறது. அவசர வழிக் கதவருகே ஒரு விளக்கு எரியவில்லை. அண்ணன் கொடுத்த தவணை இன்றோடு முடிகிறது. இன்னொரு தவணை கேட்டபோது, "புது விளக்கு வந்துடுச்சு, உங்களுக்கு மாத்த மனசுதான் வரல" என்று மறுத்தார். அவர் கடைசியாக மறுத்தது அதைத்தான். இன்று காலை, "அண்ணன்தான் இல்லையே, நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க" என்று அவருக்கு அடுத்த பொறுப்பில் இருக்கும் என்னிடம் பேனாவை நீட்டினார்கள்.

அண்ணன் இல்லையா? யார் சொன்னது?

மேலாளர் அவர்களே, கோபித்துக்கொள்ளுங்கள், ஏற்கிறேன். அந்த விளக்கை மாற்றாமல் அந்த விமானம் பறக்காது. மலர் வைத்து முடித்ததும் நாங்கள் எல்லோரும் இங்கிருந்து நேராக ஹேங்கருக்குப் போகிறோம். ஏணி ஏற்கெனவே அந்த அவசர வழிக் கதவருகே நிற்கிறது.