பரீட்சையை அழித்த ஏஐ

ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே, முன் இருக்கையில் லேப்டாப் பையை அணைத்தபடி இருந்த பெண் தன் அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பரீட்சையில ஃபெயிலானா படிக்கணும்ல? அது பரீட்சையையே அழிச்சிருச்சுக்கா."

"எதுட்டி?"

"எங்க ஆபீஸ்ல வாங்கிப் போட்டிருக்க ஏஐதான். ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் செய்யுதோம்ல, பிள்ளைகளுக்கு மருந்து அளவு சரியா வருதான்னு பாக்க நான் ஒரு டெஸ்ட் எழுதி வச்சிருந்தேன். ஏஐ எழுதுன புரோகிராம் அதுல ஃபெயிலாயிருச்சு. புரோகிராமைத் திருத்தாம டெஸ்டைத் தூக்கிட்டு, எல்லாம் பாஸுங்குது."

"ஒங்க மேனேஜர்ட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். எம்புட்டு வேகமா முடிச்சிருக்கு, நீ ஏன் தடுக்கேங்காரு. ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே அனுப்பணுமாம். மாட்டேன்னுட்டேன். வேலை போனா போகட்டும்."

மம்சாபுரம் விலக்கைத் தாண்டியபோது தங்கையின் போனில் மெசேஜ் வந்தது. படித்துவிட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னட்டி, வேலை போச்சா?"

"இல்ல, அனுப்ப வேண்டாமாம். நான் சொன்னது சரியான்னு மேனேஜரு அந்த ஏஐகிட்டயே கேட்டிருக்காரு. சரிதான்னு சொல்லிருச்சாம்."

"பொறவென்ன, நல்லதுதான?"

"நேத்துலருந்து தொண்டை வத்தக் கத்துதேன்க்கா. அது சொன்ன பொறவுதான் என்னைய நம்புதாரு!"