பாலம் வரட்டும்

“காவிரிப் பாலத்துல நல்லா காத்து வரும், அங்க ஆன் பண்ணு” என்றாள், ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண். பக்கத்தில் அவள் நண்பன், அணைந்த போனை ஜன்னலுக்கு வெளியே பிடித்திருந்தான்.

“போன் சாஃப்ட்வேரோட கெர்னலை மாத்தி ஸ்பீடு ஏத்தினேன். ஆன் பண்ணா ஒரு நிமிஷத்துல கொதிச்சு ஆஃப் ஆயிடுது.”

“ஆன் ஆனதும் ஸ்பீடைக் குறைச்சிடு. பதினோரு மணிக்கு உனக்கு இன்டர்வியூ.”

“அட்ரஸும் இதுக்குள்ளதான் இருக்கு.”

பாலத்தில் போன் உயிர்பெற்றது.

“குறைச்சியா?”

“இரு. இந்த ஸ்பீடு எவ்வளவு ஸ்கோர் எடுக்குதுன்னு ஒரே ஒரு டெஸ்ட் போட்டுப் பாத்துடறேன்.”

பாலம் தாண்டி மாம்பழச்சாலையில் திரை கறுத்தது.

அவன் கண்டக்டரிடம் கேட்டான்: “அண்ணே, இந்த பஸ் கொள்ளிடம் பாலத்துக்குப் போகுமா?”