கோச்சோட பங்கு

— நீ வாங்கக்கூடாது மச்சான். அந்தக் கோச் இன்னைக்குத் திமிங்கலப் பல்லைத் தூக்கிட்டு வந்து மன்னிப்புன்னு வாசல்ல உட்கார்ந்தா, நீ மூஞ்சியைத் திருப்பிக்கோ. அவ்வளவுதான். நாளைக்கே கோச் வேலையை விட்டுட்டு ஓடிருவான்.

— இரு கிதியோனே, இரு. முதல்ல அந்தச் சிரட்டையைக் காலி பண்ணு. யங்கோனா வேர்ச்சாறு குடிச்சா எல்லாரும் அமைதியாவாங்க, நீ ஒருத்தன்தான் குடிக்கக் குடிக்கக் கத்தறே.

— கத்தாம என்ன பண்றது எமோசி மச்சான்? சனிக்கிழமை நம்ம சுவா மைதானத்துல, நம்ம ஆளுங்க முன்னாடி, ரக்பியில சமோவாகிட்ட ரெண்டு பாயிண்டுல தோத்திருக்கோம். உன் மகன் இனோகே முட்டி பிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கான். நான் கேக்கறேன், இது யார் பண்ண வேலை?

— ஆடினது பதினஞ்சு பேருப்பா.

— ஆடினது பதினஞ்சு. ஆட விட்டது ஒருத்தன். என் வேன் பள்ளத்துல இறங்கினா ஜனங்க டயரையா திட்டுவாங்க? டிரைவரைத்தானே திட்டுவாங்க?

— ரோடு போட்டவனையும் திட்டலாம்ல? பாதிப் பசங்க பிரான்சுலயும் இங்கிலாந்துலயும் ஆடறவங்க. மேட்சுக்கு மூணு நாள் முன்னாடிதான் வந்து இறங்கினாங்க. ஒருத்தன் எந்தப் பக்கம் பந்து போடுவான்னே பக்கத்துல ஓடறவனுக்குத் தெரியல. அதையும் கோச் தானியேலா தலையில கட்டறியா?

— சரி, கட்டல. பசங்களை முன்னாடியே கூட்டிட்டு வராத சங்கத்துக்குக் கால் பங்கு. ரெஃபரிக்கு ஒரு கால்.

— ரெஃபரி என்ன பண்ணார்?

— ஒண்ணும் பண்ணல. ஆனா நாம தோத்தா ரெஃபரிக்கு ஒரு பங்கு உண்டு மச்சான், அதைக் குடுத்துத்தான் ஆகணும்.

— என்னங்க, மரவள்ளி வெந்திருச்சு. வர்றவங்களுக்கும் சேர்த்துத்தான் வெச்சிருக்கேன். மிச்ச அரைப் பங்கு யாருக்குன்னு உங்க மச்சான்கிட்ட கேளுங்க.

— கிதியோனே, உன் தங்கச்சி கேக்கறா.

— கேட்டுச்சு, கேட்டுச்சு. கோச்சுக்குன்னு சொல்லு.

— கோச்சுக்காம் லோசேனா.

— எனக்கும் காது இருக்குங்க.

— அண்ணனும் தங்கச்சியும் நேருக்கு நேர் பேசக்கூடாதுன்னு நமக்கு வழக்கம் வெச்ச மகராசன் எங்க இருக்கானோ. கல்யாணம் ஆன நாள்ல இருந்து உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் தபால் ஆபீஸ்.

— அப்ப இதையும் சேர்த்துச் சொல்லிடுங்க. போன வருஷம் ஆர்ஜென்டினாவை ஜெயிச்சப்ப, பஸ் ஸ்டாண்டுல சட்டையைக் கழட்டிச் சுத்திக்கிட்டு ஆடினாரே உங்க மச்சான், அன்னைக்கு அரைப் பங்கு கோச்சுக்குன்னு சொன்னாரா?

— ஆமாடா. அன்னைக்கு 'நம்ம பசங்க சிங்கம்'னே. தானியேலா பேரே உன் வாயில வரலையே.

— ஜெயிச்சா பசங்க, தோத்தா கோச். உலகம் பூரா அப்படித்தான், நான் மட்டும் என்ன புதுசா? அதை விடு. நான் முட்டியைக் கேக்கறேன். முந்தின வாரமே இனோகேக்கு முட்டி திருகிக்கிச்சு. டீம் டாக்டர் ஆடக்கூடாதுன்னுட்டார். புதன்கிழமை ரேடியோவுலயும் சொல்லிட்டாங்க, பையன் இல்லேன்னு. வெள்ளிக்கிழமை பாத்தா அவன் பேர் இருக்கு! ரெண்டு நாள்ல ஆறிருமா முட்டி?

— அதுதான் எனக்கும் தொண்டைக்குள்ள இறங்கமாட்டேங்குது. ரெண்டாம் பாதியில அவன் நொண்டறதை நானே பாத்தேன். போஸ்டுக்கு நேரா, கண்ணை மூடிக்கிட்டு அடிக்கிற பந்து, அதை வெளிய அடிச்சான். அப்பவாவது வெளிய கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. அடுத்த மோதல்ல முட்டி போச்சு.

— அப்படிச் சொல்லு! நான்கூட ஸ்டாண்டுல நின்னு, வெளிய எடு வெளிய எடுன்னு தொண்டை கட்டற வரைக்கும் கத்தினேன்.

— ஆனா தானியேலா அவசரப்படற ஆள் கிடையாது. பத்து வருஷமாப் பாக்கறேன். நேத்து ரேடியோக்காரன் குடைஞ்சு குடைஞ்சு கேட்டான், ஏன் ஆட விட்டீங்கன்னு. 'முடிவு என்னோடது, பையன் மேல குத்தம் இல்ல'ன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல.

— பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான். இன்னும் என்ன வேணும் உனக்கு?

— என்னங்க, காலையில நான் இனோகேகிட்ட போன்ல பேசினேன். உங்க மச்சானை ஒண்ணு கேளுங்க. வியாழக்கிழமை வேனை ஓட்டாம நிறுத்திட்டு, சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு, டீம் தங்கின ஹோட்டலுக்கு எதுக்குப் போனாருன்னு.

— ஹோட்டலுக்கா? கிதியோனே?

— சிரட்டையை ரொப்பு மச்சான்.

— ரொப்பறேன். முதல்ல பதில் சொல்லு.

— பையன் போன் பண்ணினான். 'மாமா, என்னை டீம்ல இருந்து எடுத்துட்டாங்க, நீ வந்து பேசு'ன்னு தேம்பித் தேம்பி அழுதான். தங்கச்சி மகன் கேட்டு தாய்மாமன் முடியாதுன்னு சொல்ற வழக்கம் நம்மகிட்ட உண்டா? பன்னியைக் கேட்டாலும் குடுக்கணும், வேனைக் கேட்டாலும் சாவியைக் குடுக்கணும். போய்ப் பேசினேன்.

— வெறுங்கையோடயா?

— பல்லு எடுத்துட்டுப் போனேன்.

— அடப்பாவி! திமிங்கலப் பல்லை முன்னால வெச்சு, பையனை ஆட விடுன்னா கேட்டே?

— வேற எப்படிக் கேக்கறது? முக்கியமான விஷயம்னா அப்படித்தானே கேப்போம்?

— அப்படிக் கேட்டா அவர் எப்படிடா முடியாதும்பார்? அவரும் நம்ம ஆளுதானே? வெள்ளைக்காரன்னா பல்லைத் திருப்பிக் குடுத்துட்டுத் தூங்கப் போயிருப்பான்.

— முடியாதுன்னு சொல்லியிருக்கணும்! நான் கேக்கறேன், அதுக்குத்தானே கோச்? நான் மாமன், மாமன் கேக்கத்தான் கேப்பான். கோச் மறுக்கணும். மறுத்திருந்தா நான் அவமானப்பட்டு வீட்டுக்கு வந்திருப்பேன், ரெண்டு நாள் சோறு இறங்கியிருக்காது. பையன் முட்டி முழுசா இருந்திருக்கும்.

— அதுல நியாயம் இருக்கு. மறுக்க முடியாத ஆளு அந்த இடத்துல உட்காரக்கூடாது. ஆனா நம்ம ஆளுங்கள்ல மறுக்கக்கூடியவன் ஒருத்தனைக் காட்டு. நான் மறுத்திருப்பேனா? தெரியல.

— அவர் மேல தப்பே இல்லேன்னு நானும் சொல்லலைங்க. இனோகே இனிமே ஓடறதே சந்தேகம்னு டாக்டர் சொன்னப்ப, அந்தக் கோச் கண்ணு முன்னால இருந்திருந்தா அடிச்சிருப்பேன். பெத்த வயிறு எரியுதுங்க. ஆனா ரெண்டு நாளா ஊரே அவரைக் கிழிச்சுத் தொங்க விடுது. 'தாய்மாமன் வந்து பல்லு வெச்சார்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பார். அவர் சொல்லல. உங்க மச்சானும் சொல்லல.

— நாய் குரைக்குது. வண்டி வந்துருச்சு போல.

— அவங்கதான். தானியேலாவும் அவர் பெரியப்பாவும். தலையைக் குனிஞ்சுக்கிட்டே வர்றாங்க, பாவம்.

— மச்சான், நான் முன்ன சொன்னதை விடு. வாங்கிடு. நீ வாங்கிட்டா பேச்சு அத்தோட முடிஞ்சது. யார் என்ன பண்ணாங்கன்னு அப்புறம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது, அதானே வழக்கம்? அந்த மனுஷனுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

— நமக்கா, உனக்கா?

— கெஞ்சிக் கேக்கறேன் மச்சான், வாங்கிடு.

— லோசேனா, நீ என்ன சொல்றே? உங்க அண்ணன்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?

— நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். அண்ணா, எந்திரி. எங்க பக்கம் உட்காராதே. வாசல் பக்கம் போய், மன்னிப்புக் கேக்க வந்தவர் பக்கத்துல உட்காரு.